ஊற்று என்று பெயர் வைத்தார்கள்

கசிவுக்குக் கற்பூரம் கொளுத்தியவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் எனக்கில்லை. வயது போகப் போகக் கோபம் தணியும் என்பார்கள், எனக்குத் தணியவில்லை. நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்களாதலால், நடந்தபடி நானே எழுதிவைக்கிறேன்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், என் மனைவியின் குடும்பத்துக்குரிய வயல்வட்டையின் தலைமாட்டில் ஒரு சிறு குளம் உண்டு. அரசாங்கம் கட்டியதல்ல. மனைவியின் பாட்டனார் தம் காணிக்குள் ஓடிய நீரோடையை மறித்து, மண் சுமப்பித்து, தம் செலவில் கட்டுவித்தது. எங்கள் பகுதியில் காணியும் வீடும் பெண்மக்களுக்கே போகும். அந்த முறைப்படி குளமும் அதன் மண்கரையாகிய கட்டும் கட்டின் அடிவாரமும் மூத்தவளான என் மனைவிக்குச் சீதனமாயின. அதற்குக் கீழே விரியும் வயல் இளையவளுக்குப் போனது. இளையவளின் கணவர், என் சகலன், அங்கேயே குடியிருந்து வேளாண்மை செய்கிறார். நான் பட்டணத்தில், புளியந்தீவில், கல்லூரியொன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கட்டு எங்களுக்கு, நீர் அவருக்கு என்ற ஏற்பாட்டில் நெடுங்காலம் பிணக்கு எதுவும் வந்ததில்லை.

கட்டின் அடிவாரத்தில் சில குடும்பங்கள் இருக்கின்றன. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, அவர்களுக்கு வீடு கட்ட நிலம் கொடுத்தவள் என் மனைவி. கட்டு உடைந்தால் நீர் முதலில் நுழைவது அவர்களுடைய வாசற்படலைக்குள்தான். இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் தேவையில்லை; கண் இருந்தால் போதும்.

கடந்த மாரியில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை குளத்தைப் பார்க்கப் போனேன். கட்டின் அடியில் பெண்கள் வாளிகளோடு கூடி நின்றார்கள். அங்கே மண்ணிலிருந்து சுளகளவு அகலத்தில் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கல்லை நட்டுச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். கற்பூரம் எரிந்த கரி இன்னும் ஆறவில்லை.

“அண்ணன், கும்பிட்டுப்போட்டு வாங்க,” என்றார் சகலன். “ஊத்து வந்திரிக்கி. இந்தச் சுத்துவட்டாரத்தில ஆருக்கு இப்பிடி வாய்ச்சது?”

“இது ஊற்று அல்ல. குளத்து நீர் கட்டைத் துளைத்துக்கொண்டு வருகிறது. இதற்குப் பெயர் கசிவு.”

“அது நீங்க படிச்ச பேர். இது நாங்க வைச்ச பேர்.”

வாளியோடு நின்ற பெண்ணொருத்தி, அடிவாரத்து முதலாவது வீட்டுக்காரி, கையில் ஏந்தி நீட்டினாள். “குடிச்சுப் பாருங்க ஐயா. எங்கட கிணறு உவர். இது இளநி மாதிரி இரிக்கி.”

குடிக்கவில்லை. கட்டின் மேல் ஏறிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. குளம் நிரம்பினால் மிகையான நீர் கட்டுக்குச் சேதமின்றி வழிந்து போவதற்குப் பாட்டனார் கருங்கல்லால் ஒரு வழி விட்டிருந்தார். அதை வான் என்போம். அந்த வானின் குறுக்கே உரப்பைகளில் மண்ணை நிரப்பி இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார் சகலன். கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு நீர் சேர்க்கிறாராம். கட்டு தாங்குவதற்கென்று கட்டப்பட்ட அளவுக்கு மேலே நீர் ஏறி நின்றது. பானையின் வாயை இறுக அடைத்துவிட்டு, அடியில் ஒழுகுவதைத் தெய்வம் என்று கும்பிட்டார்கள்.

“இந்த மூட்டைகளை இன்றைக்கே எடும்,” என்றேன்.

“எடுத்தா சிறுபோகம் போச்சு. மறுகா ஆர் பதில் சொல்லுற? நீங்க புளியந்தீவில கடை அரிசி வாங்கித் திண்டுபோட்டு இரிப்பீங்க.”

கூட்டத்தில் யாரோ, “ஐயாக்கு எல்லாம் சோதனைக் குழாய்தான் கா,” என்றார்கள். சிரித்தார்கள். கல்லூரியில் என் முன்னால் ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

ஆயினும் நான் மிகைப்படுத்திப் பேசவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்த நீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். தெளிவாகவே இருந்தது. “இப்போது நீர் மட்டும் வருகிறது. இது கலங்கி வந்தால், கட்டின் மண்ணும் கூட வருகிறது என்று பொருள். உள்ளே பொந்து பெருக்கிறது என்று பொருள். கலங்கினால் அன்றைக்கே எனக்குச் சொல்லியனுப்புங்கள்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “ஓம் ஐயா,” என்றார்கள்.

மறுநாள், குளங்களோடு தொடர்புடைய அலுவலகமொன்றுக்குப் போனேன். என் பேரன் வயதுடைய உத்தியோகத்தர் மரியாதையாகவே கதிரை தந்தார்.

“தனியார் குளம் ஐயா. நாங்க கை வைக்க ஏலா.”

“வந்து பார்க்கவாவது முடியாதா?”

“பாத்தா அறிக்கை எழுதவேணும். எழுதினா எங்கட குளம் மாதிரி ஆகிரும்.”

“உடைந்தால்?”

“உடைஞ்சா உங்கட பேர்தான் ஐயா வரும்.”

அந்த அலுவலகத்தில் நான் கேட்ட ஒரே உண்மை அது. பார்ப்பதற்கு ஒருவருமில்லாத கட்டுக்குப் பழி சுமக்க மாத்திரம் ஆள் இருக்கிறது.

அதன் பிறகு மழை மீண்டும் பிடித்தது. விடாமல் பெய்தது. குளத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வராததே எனக்குப் பொறுக்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கல்லுக்குப் புதுத் துணி கட்டியிருந்தார்கள். அதன் கீழே பால் விட்ட தேநீர் நிறத்தில் நீர் பீறிட்டது. வாளிகளைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். அந்த முதலாவது வீட்டுக்காரி வாளியின் உட்புறத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கலங்கினால் சொல்லச் சொன்னேன் அல்லவா?”

“மாரிக்கு எல்லாத் தண்ணியும் கலங்குந்தானே ஐயா. தேத்தாங்கொட்டை தேய்ச்சு விட்டா அடியில மண்டிரும். பாருங்க, எவ்வளவு வடிவாத் தெளிஞ்சிரிக்கி.”

வாளியின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தது. அது எங்கள் கட்டின் மண். இருந்த ஒரேயோர் எச்சரிக்கையை, நாள்தோறும் தேத்தாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்துப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம்போல் வாழ்நாளில் வந்ததில்லை. அந்தப் பெண்மீது மட்டுமல்ல. அறிவதற்கு வாய்ப்பிருந்தும் அறியமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அத்தனை பேர்மீதும்.

வானுக்குப் போனேன். சகலன் கூலியாட்கள் சிலரோடு மூட்டைகளின் மேல் நின்றார்.

“மூட்டையில கை வைக்கிறெண்டா முதல்ல என்னை இறக்குங்க அண்ணன்.”

இறக்கும் வலு எனக்கில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்போதுதான் குடையோடு பின்னால் வந்த என் மனைவி வாய் திறந்தாள். அவள் உரத்துப் பேசுபவளல்ல.

“மச்சான், குளம் என்ட சீதனம். நீங்க நிக்கிற வானும் என்ட. என்ட வானில நிண்டுகொண்டு என்ட புருசனோட என்ன கதை? இறங்குங்க.”

“உங்கட தங்கச்சியாக்கள் சிறுபோகத்துக்கு என்ன செய்யிற அக்கா?”

“ஒரு போகம் பட்டினி கிடந்தா அவள் சாகமாட்டாள். கட்டு உடைஞ்சா இவளுகள்ட பிள்ளையள் சாகும். இறங்குங்க எண்டன்.”

இறங்கினார். மூட்டைகளை ஒரேயடியாக இழுக்காமல் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் செய்தேன். வயலுக்கு நீர் விடும் துருசையும் அளவாகத் திறப்பித்தேன். நீர் இறங்கும்வரை அடிவாரத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் இருக்கவைத்தோம். ஏசிக்கொண்டுதான் போனார்கள். என் சொல்லுக்கல்ல, என் மனைவியின் சொல்லுக்கே ஆட்கள் அசைந்தார்கள் என்று இன்றும் சிலர் குத்திக் காட்டுவதுண்டு. காணி உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கிறது. அதில் எனக்கு என்ன குறை?

குளத்தில் நீர் தாழத் தாழக் கசிவு மெலிந்தது. பிறகு நின்றது. நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் உலகத்தில் இல்லை. ஆனால் ஊரில் பரவிய கதை வேறு: ஐயா காலடி வைத்தார், ஊற்று வற்றிப்போயிற்று. புளியந்தீவில் ஒரு கலியாண வீட்டில், நான் படிப்பித்த ஒருவரே என்னை நெருங்கி, “சேர், ஊத்தைக் கலைச்சது நீங்களாமே?” என்று கேட்டார். அவருக்கு நான் நீரமுக்கம் படிப்பித்திருக்கிறேன். நற்பெயரை ஒரு வாழ்நாள் முழுவதும் கட்டிக் காத்தவனுக்கு இப்படி ஒரு பட்டம்.

சிறுபோகத்தில் வயல் தரிசாகவே கிடந்தது. அதை நான் மறுக்கவில்லை.

குளம் வற்றிய கோடையில் கட்டை வெட்டித் திறந்தோம். முன்னொரு காலம் கட்டின் மேல் நின்ற மருதமரத்தைத் தறித்தவர்கள் வேரை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். வேர் உக்கி, அது கிடந்த வழியே நீர் புகுந்து, மண்ணை அரித்து, கட்டின் முக்காற்பங்கு அகலத்துக்கு ஒரு பொந்து போயிருந்தது. ஓர் ஆளின் கை தோள்வரை உள்ளே போகும். எல்லோரும் வந்து தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று சொல்லியனுப்பினேன். அடிவாரத்தார் வந்தார்கள். சகலனும் வந்தார்.

வேட்டியை மடித்துக்கட்டி, முழங்காலிட்டு, கையைப் பொந்துக்குள் விட்டார். நெடுநேரம் துழாவினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “ஓம் அண்ணன்” என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது.

தலையைத் திருப்பி அடிவாரத்துப் பெண்களைப் பார்த்தார்.

“பாத்தீங்களா கா,” என்றார், “ஊத்துக்கண் எவ்வளவு பெரிசெண்டு!”

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“களிமண்ணைப் போடுங்கள்,” என்று ஆட்களுக்குச் சொன்னேன். அவர் கையை வெளியே எடுக்கும்வரைகூட நான் காத்திருக்க விரும்பவில்லை.