தளர்த்தி வைத்த மூடிகள்

அவரைக் குறடு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் குழாய் வேலை முழுக்க அவர் பொறுப்பு. இளவயதில் துருப்பிடித்த நட் ஒன்றைக் கருவியே இல்லாமல் வெறும் விரலால் கழற்றிக் காட்டியிருக்கிறார். அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அறுபதைத் தாண்டியும் அதை ஏதோ விருது வாங்கிய மாதிரிதான் சுமந்து திரிந்தார்.

மனிதருக்கு இன்னொரு பித்தும் உண்டு. நீண்ட நாள் வாழ வேண்டும்; அதுவும் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும். சிகரெட்டை விட்டார். ராச்சாப்பாட்டை இருட்டுவதற்கு முன்பே முடித்தார். சர்க்கரை டப்பா இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காலையில் நடை. மழை வந்தால் கட்டடத்தின் கார்கள் நிற்கும் இடத்தில் சுற்றிச் சுற்றி நடை. குடியிருப்பவர்களுக்கு ஓசியில் உபதேசம் வேறு. குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்ட பாவத்துக்கு, ஒழுகல் நின்ற பிறகும் இவர் பேச்சு நிற்காமல் பலர் தவித்திருக்கிறார்கள்.

அவரோடு கூட வேலை பார்த்தது அவருடைய மனைவியின் தம்பி. அந்த மச்சினன் வருஷக் கடைசியில் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவதாக இருந்தது. அதன் பிறகு கீழ்த்தளத்து மெயின் வால்வு குறடு ஒருவர் பாடு. எங்காவது குழாய் வெடித்தால் அதன் இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றி மூட வேண்டும். தாமதமானால் மின்சாரப் பெட்டிவரை தண்ணீர் ஏறிவிடும். வயதாகிறதே, தனியாகச் சமாளிப்பீர்களா, முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கவா என்று கட்டட நிர்வாகி இழுத்தார். குறடு சிரித்துவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வயதாவதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஒருவர் கட்டடத்துப் பொது அறையில் முகாம் போட்டார். ரத்தம், எடை, கண் எல்லாம் பார்த்த பிறகு கடைசி மேசையில் ஒரு கைப்பிடி இருந்தது. மேலே முள் வைத்த வட்டம். பிடித்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும், அவ்வளவுதான். குறடுக்கு வாயெல்லாம் பல். இதைப் பார்க்கவென்றே மனைவியையும் அழைத்து வந்திருந்தார். முள் உடைந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

அழுத்தினார். முள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

நர்ஸ் மறுபடி அழுத்தச் சொன்னாள். மறு கையிலும் பார்த்தாள். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்க அழுத்தியும் முள் அந்த இடத்தைத் தாண்டவில்லை. டாக்டர் எழுந்து வந்து பார்த்தார்.

"ஐயா, உங்க வயசு ஆம்பளைக்கு இது ரொம்பக் கம்மி."

குறடுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றார். கெட்டுப்போன மீட்டர் எத்தனையோ பார்த்தவன் நான் என்றும் சொன்னார். சரி, அம்மா அழுத்தட்டும் என்று டாக்டர் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் கூச்சப்பட்டுக்கொண்டே ஏதோ கை குலுக்குகிற மாதிரி பிடித்தாள். முள் அவருக்கு நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்துவிட்டாள்.

டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். நடுவயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிடி தளர்ந்தால் அது கையோடு போகிற சமாசாரம் இல்லை. பல சமயம் உடம்பு முழுக்கத் தசை தளர்வதற்கான அடையாளம். அப்படிப்பட்டவர்கள் கீழே விழுவதும், விழுந்தால் எழ நாளாவதும் அதிகம். நடை நல்லதுதான், ஆனால் நடந்தால் மட்டும் கைக்கு வேலை கிடைக்காது. வேலை கொடுக்காத தசை தங்காது. கொடுத்தால் இந்த வயதிலும் திரும்பும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குறடு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தினமும் ஸ்பேனர் பிடிக்கிற கை இது, இதற்கா வேலை இல்லை என்றார். அதற்கான பதில் மனைவியிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். காப்பித்தூள் பாட்டிலை எடுத்தார். மூடி ஒரே திருகில் வந்தது. பார்த்தாயா என்பதுபோல் மனைவி பக்கம் நீட்டினார். அவள் பாட்டிலை வாங்கி, எல்லோரும் மூடுவதுபோல் மூடித் திருப்பிக் கொடுத்தாள். அவர் திருகினார். வரவில்லை. சட்டை நுனியில் பிடித்துத் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மூடி அப்படியே இருந்தது.

அவர் பேயறைந்தவர்போல் நின்றார். அவள் அழ ஆரம்பித்தாள்.

"சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் தேன் பாட்டில் உங்களுக்குத் தெறக்கல. மூடி சரியில்லன்னு திட்டிட்டு வெளிய போயிட்டீங்க. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. அதுலேருந்து எல்லா மூடியையும் நானே ஒரு திருகு திருகி வெச்சிட்டுதான் உங்ககிட்ட குடுப்பேன்."

எல்லா மூடியையும் என்றால் எல்லா மூடியையும்தான். எண்ணெய், மருந்து, தண்ணீர்க் குடுவை, கேஸ் சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடிகூட. பிழிய வேண்டிய துணியைப் பாதி பிழிந்து வைப்பாள், தூக்க வேண்டிய பையை முந்திக்கொண்டு தூக்குவாள். ஏதோ தோன்றி மச்சினனைப் போனில் கூப்பிட்டார். பிறகு குட்டு உடைந்தது. இறுகிய நட் எல்லாவற்றையும் இவர் வருவதற்கு முன் மச்சினன் தளர்த்தி வைப்பான். மெயின் வால்வுக்கு வாராவாரம் எண்ணெய் போட்டு, நீளக் கம்பி கொடுத்து இளக்கி வைப்பான். அக்கா கண்ணில் நீர் வைத்துக் கேட்டாளாம். மாமாவுக்கு மனசு நோகக் கூடாதே என்று செய்தானாம்.

என்ன அநியாயம் பாருங்கள். ஒரு விரோதிகூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டான். பாசத்தால் இரண்டு பேர் சேர்ந்து அவர் கையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதே மூடிகளை வருஷக்கணக்கில் திருகித் திருகி அவள் கை தேறிவிட்டது. குறடு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கோபம்கூட வரவில்லை அவருக்கு; அதிர்ச்சியில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும் அவர் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் சட்டம் போட்டார். இனி யாரும் எதையும் தளர்த்தக் கூடாது. நிர்வாகியிடமும் உள்ளதைச் சொல்லி, வருஷக் கடைசிவரை அவகாசம் கேட்டுக்கொண்டார். ஈரத் துண்டைப் பிழிந்தார், தண்ணீர் நிரப்பிய வாளிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தார், தட்டில் பருப்பும் முட்டையும் கூடின. கஷ்டம் அவருக்கா அவளுக்கா என்று கேட்டால் அவளுக்குத்தான். அவர் மூடியோடு மல்லாடும்போது அவள் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் வெளியே ஓடியே போய்விட்டாள்.

மச்சினன் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் எட்டாவது மாடியில் குழாய் வெடித்தது. படியெல்லாம் தண்ணீர். குறடு கீழ்த்தளத்துக்கு ஓடினார். பின்னாலேயே அவளும் ஓடினாள். அவர் சக்கரத்தைப் பிடித்தார். முறுக்கினார். அது சுற்றியது. நிற்காமல் சுற்றி மூடிக்கொண்டது. மேலே தண்ணீர் நின்றுவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சடாரென்று அவள் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லு. யாரு தளர்த்தி வெச்சது?"

"நான் தொடவே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார், இத்தனை வருஷம் ஏமாந்தவர் ஆயிற்றே. குழாயை அடைத்துச் சரிசெய்து முடித்தார். பிறகு வால்வைத் திறக்க அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி கீழே வந்தார். திறப்பதற்கு முன் சக்கரத்தை அவளிடம் காட்டினார்.

"நீ இறுக்கு. கொஞ்சம்கூட இரக்கம் பாக்காத."

அவள் தயங்கினாள். அப்புறம் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவர் விஷயத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ள பலம் அத்தனையும் போட்டு இறுக்கினாள். சக்கரம் கிறீச்சிட்டது. அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். அசையவில்லை. அவள் கை தானாக முன்னே வந்தது. அவள் அதை மறு கையால் பிடித்து நிறுத்தினாள். அவர் மூச்சைப் பிடித்தார். சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். குழாய்க்குள் தண்ணீர் சலசலவென்று ஏறும் சத்தம் கேட்டது.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து, தன் கையை இறுகப் பிடித்தபடியே அழுதாள்.