சவரிமுத்து அண்ணன் திருத்தாத படம்

புதன்கிழமை காலை, துணைச் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணனின் மனைவி லூர்து மேரி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நர்சம்மா, எங்க வூட்டுக்காரரு போயிட்டாருங்க."

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன். அக்காவே தொடர்ந்தார்.

"நீங்க எடுத்த படம் ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதை எடுத்துக்கிட்டு வாங்க. தெருமுனையில ஃப்ளெக்ஸ் கட்டிட்டாங்க. அதுல இருக்கறது அவரு இல்லீங்க."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மீதமிருந்த பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு, பீரோவிலிருந்த பழைய மனுக் கோப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சவரிமுத்து அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடத்தூர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய சொந்த ஊர்தான் எனக்குப் பணியிடம். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் காவிரிக் கரைக்காரி. வேலையில் சேர்ந்த வாரம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவருடைய ஸ்டுடியோவுக்குப் போனேன். கழுத்தில் ஒரு துண்டு போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் அதன் முனை வாய்க்கு வந்துவிடும். "நல்லாச் சிரிங்க" என்றார். ஆபீஸ் அட்டைக்கு யாராவது பல்லைக் காட்டுவார்களா என்று கேட்டேன். "ஒண்ணு எனக்காகச் சிரிங்க, இன்னொண்ணு ஆபீசுக்கு முறைங்க" என்றார். வேடிக்கையான மனிதர் என்று எண்ணிக்கொண்டு, தெத்துப்பல் தெரியச் சிரித்தேன்.

அதன்பிறகு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். அந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை என்பது சில நாளில் உறைத்தது. அங்கன்வாடியில் ஒருநாள் பிள்ளைகளுக்குக் குரங்கு மாதிரி செய்து காட்டினேன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின, சத்தமே இல்லை.

காரணம் தண்ணீர்தான். ஏரி தூர்ந்து, கிணறுகள் வற்றி, போர்க்கிணறு ஆழம் போகப் போகப் பாறைக்குள்ளிருந்த ஃப்ளோரைடு தண்ணீரோடு ஏறி வந்தது. கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடு விழுந்தது. பெரியவர்கள் பலர் கழுத்தைத் திருப்ப முடியாமல், கூப்பிட்டால் உடம்போடு திரும்பினார்கள்.

ஆனால் சுவர்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாலை போட்ட படங்களில் தாத்தாக்களும் அத்தைகளும், சின்ன வயதில் போனவர்களும், வெள்ளை வெளேரென்று சிரித்தார்கள். செத்தவர்கள் சிரிக்கிற ஊர் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அதுவும் எல்லோருக்கும் இடது மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். ஒரே வம்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எதிரெதிர் சாதிக்காரர்கள் வீட்டிலும் அதே தெத்துப்பல்லைப் பார்த்தபோது கொஞ்சம் குழம்பினேன்.

ஒரு காலை தலை சீவும்போது கண்ணாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் பல்.

ஒரு வாரம் கண்ணாடி பார்க்காமல்தான் தலை சீவினேன். பார்த்தால், அந்தச் சுவர்களில் இருந்தவர்கள் என் முகத்தில் வந்து நிற்பது போலிருந்தது. பிறகு பயம் கோபமாக மாறியது. நேராக ஸ்டுடியோவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்னங்கண்ணா, என் வாயை ஊருக்கே பங்கு வெச்சுட்டீங்களா?"

அண்ணன் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 'நர்சம்மா' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே என் சிரிப்பு, முகத்தைவிட்டுத் தனியாக வெட்டி எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஆத்துத் தண்ணி குடிச்ச பல்லுங்க. முன்னெல்லாம் பென்சிலால தீட்டுவேன், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். உங்க சிரிப்பு கெடைச்சதும் பழைய படத்தையெல்லாம் புதுசா மாத்திக் குடுத்துட்டேன். எங்கக்கா படத்தைப் பாத்துட்டு மூணு எடத்துல வேண்டாம்னுட்டாங்க நர்சம்மா. அக்கா கடைசி வரைக்கும் எங்க வூட்லயேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்த ஊர்க்காரங்க படம் ஒண்ணைக்கூடத் திருத்தாம நான் குடுத்ததில்லீங்க. செத்தவங்களாவது நல்லாச் சிரிச்சுட்டு இருக்கட்டும்னுதான்..."

திட்டப் போனவள் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இந்த நல்ல மனசுதான் ஊரைக் கவிழ்த்தது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பக்கத்து ஊரோடு நின்றிருந்தது. எங்கள் ஊருக்கும் நீட்டக் கேட்டு மனு எழுதினோம். தலைமுறையாகப் பாதிப்பு என்று காட்டக் குடும்பப் படங்களை இணைக்கச் சொன்னது நான்தான். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். கோணிய கழுத்துகளை நினைத்தேனே தவிர, பற்கள் அண்ணன் திருத்தியவை என்பதை மறந்துபோனேன். பார்வையிட வந்த அதிகாரி முன்னால் ஊரே வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றது. பழக்கம் அப்படி. அவர் கோப்பைப் புரட்டினார்.

"எல்லாருக்கும் பல்லு பளிச்சுனுதானே இருக்குது? இதைவிட மோசமான ஊரு நிறைய இருக்குதும்மா."

கோப்பை மூடிவிட்டார். பட்டியலில் எங்கள் ஊர் இல்லாமல் போனது. கூட்டத்தின் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். துண்டு வாயை விட்டு விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அன்றுதான் அவருடைய பற்களை முதன்முதலாகப் பார்த்தேன். பாதி அரித்து, புகையிலைச் சாறு போல் நிறம்.

மறுநாள் ஸ்டுடியோவில் 'விடுமுறை' அட்டை தொங்கியது. உள்ளே அண்ணன் பழைய நெகட்டிவ்களையும் திருத்தாத ஒரிஜினல்களையும் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றையும் எறிந்திருக்கவில்லை. பிரிண்ட் போட்டு மேசையில் பரப்பினார். சுவரில் சிரித்த அத்தனை பேரும் அங்கே வேறு வாயோடு கிடந்தார்கள். யாரோ அவர்களிடமிருந்து என் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

"நான் மறைச்சதுங்க. நானே காட்டறேன். ஆனா கேக்காமக் காட்ட மாட்டேன்" என்றார்.

வீடு வீடாகப் போனோம். துண்டை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அனுமதி கேட்கும் ஒவ்வொரு வாசலிலும் முதலில் தன் வாயைத்தான் திறந்து காட்டினார். சிலர் அழுதபடி சரி என்றார்கள். செல்வி அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். "எம் புள்ளைக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கறேன். அவ படம் வெளிய போச்சுன்னா உன் கடை வாசல்லயே வந்து செத்துருவேன்!"

"போகாது தங்கச்சி" என்று கும்பிட்டுவிட்டு, அந்தப் படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார் அண்ணன். இரண்டாம் நாள் செல்வி அக்காவின் மகள் ஸ்டெல்லா தானாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். "என்னுதையும் வைங்க மாமா. கட்டிக்க வர்றவரு இதையும் பாத்துட்டே வரட்டுங்க. நாளைக்கு எம் புள்ளையும் வாயைப் பொத்திக்கிட்டுத் திரியோணுமா?" என்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்து திரும்பாததால் உடம்போடுதான் திரும்ப வேண்டியிருந்தது.

கடைசியில் கேமராவை என் கையில் கொடுத்தார். அவருக்கென்று ஒரு படம் இல்லை, குடும்ப அட்டைக்கு எடுத்ததைத் தவிர. நாற்காலியில் குனிந்தவாறே உட்கார்ந்து, விழியை மட்டும் தூக்கிப் பார்த்தார். நான் பொத்தானில் விரலை வைத்தேன்.

"சிரிங்கன்னு சொல்லுங்க நர்சம்மா. ஊருல எல்லார்கிட்டயும் நான் சொன்னதுங்க. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க."

"சிரிங்கண்ணா" என்றேன். சிரித்தார். இரண்டாவது மனுவின் முதல் பக்கத்தில் அந்தப் படம் போனது. பலமுறை நடையாய் நடந்து, குழாய் போன மாதம்தான் ஊருக்கு வந்தது. படுக்கையில் இருந்தவருக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ருசியே இல்லீங்களே, இதுக்கா இத்தனை பாடு?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

புதன்கிழமைக்கு வருகிறேன். ஊர்த் தெருமுனையில் பஸ் இறங்கி நிமிர்ந்தேன். ஆள் உயர ஃப்ளெக்ஸில் சவரிமுத்து அண்ணன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது மேல்வரிசையில் தெத்துப்பல். குடும்ப அட்டைப் படத்தில் மூடியிருந்த வாயைத் திறந்து, உள்ளே என்னை வைத்திருந்தார்கள். காற்றில் ஃப்ளெக்ஸ் உப்பியபோது அந்த உதடு அசைந்தது. என் கை என்னை அறியாமல் என் வாயைப் பொத்திக்கொண்டது. அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அழுதுகொண்டே வந்தார். "அண்ணன் கம்ப்யூட்டர்லயே அந்தச் சிரிப்பு இருந்துச்சுங்க. அவரு எல்லாருக்கும் செஞ்சாரே, அவருக்கும் நல்லா இருக்கட்டும்னுதாங்க வெச்சேன்." கோபப்பட முடியவில்லை. நான் கொண்டுபோன படத்தை லூர்து மேரி அக்கா வாங்கிப் பார்த்து, "இதுதாங்க அவரு" என்று சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தார். கடைக்காரரே ஏணி வைத்து ஃப்ளெக்ஸை அவிழ்த்தார்.

பெட்டியைச் சுற்றி நின்று கடைசிப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை காலமும் எல்லா வீட்டுக்கும் அதை எடுத்தவர் அண்ணன்தான். அன்று எடுக்கக் கம்பைநல்லூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெண்கள் வழக்கம்போல முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார்கள். செல்வி அக்கா தலைமாட்டிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்ணா" என்று வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவும் கையை எடுத்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் எடுத்தார்கள். அந்த ஊர் அழுகிற சத்தத்தை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

கம்பைநல்லூர்க்காரர் கேமராவைத் தூக்கினார். துக்க வீட்டில் சொல்வதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? நான் பெட்டியின் பக்கம் குனிந்து, அண்ணனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"சிரிங்கண்ணா."