மீசைக்குப் பூசிய கிளிசரின்

கோப்பி நன்றாக விளைந்த காலத்தில் கண்டியில் ஓர் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வேலை செய்தேன். அங்கே கிளிசரின் இரண்டு தரத்தில் வரும். பழுப்பாக இருப்பதைத் தோல் இளகுவதற்காகச் சேணம் தைக்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். தண்ணீர் போலத் தெளிந்தது மருந்துக்கு. இது காயவே காயாது, காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்கம் சொல்வது நான்தான்.

அம்பிட்டிய பக்கம் பெண் பார்க்கப் போன அன்று, அந்தத் தெளிந்த சரக்கையே மீசையில் தாராளமாகப் பூசிக்கொண்டேன். மீசை மினுங்கியது. பெண்ணின் அப்பா, கோப்பியைக் காயவைத்துப் புடைக்கிற ஸ்டோரில் கங்காணி. வீடு ஸ்டோருக்குப் பின்னால். உமி பறக்கக் கோப்பி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே புகுந்து போய் வாசலில் நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புடைக்கிற ஆளா? மாப்பிள்ளை வர்ற நேரம், அந்தப் பக்கம் போப்பா."

"மாப்பிள்ளை நான்தாங்க" என்றேன். துடைக்கத் துடைக்க மீசையில் உமி இன்னும் அப்பியது. வாய் சும்மா இருக்குமா? கிளிசரினின் குணத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் கேட்டாள்: "காயாதுன்னு தெரிஞ்சேதான் பூசினாராப்பா?"

அப்பா கிட்ட வந்து என் மீசையைப் பார்த்தார். அவளே மேலே சொன்னாள்:

"மீசைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மொகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் மழித்துக்கொண்டு, ஸ்டோரைச் சுற்றிப் பின்வழியாகப் போனேன். முகம் பரவாயில்லை என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.