நாற்பத்தோரு பேருக்கு ஒரே முகவரி

திருவொற்றியூர் பாய்லர் ஆபரேட்டர்கள் சங்கத்தில் ரமாபாய் பதினெட்டு வருஷமாகக் கிளார்க். முன்னூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கும் கை வலிக்க அஞ்சலட்டை எழுதிப் போட்டவர். அட்டை போனால் வீட்டில் யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். இந்த வருஷம் நிர்வாகக் குழுவுக்கு நவீன ஆசை பிடித்தது. இனி எல்லாம் இமெயில், எல்லோரும் முகவரி கொடுத்தாக வேண்டும் என்று படிவம் அச்சடித்தார்கள். கொடுங்கள் என்று சொன்ன பெரிய மனிதர்கள், இருக்கிறதா என்று கேட்கவில்லை.

நேற்று ரமாபாய் ஓர் எச்சரிக்கை அனுப்பினார். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்களில் புதிதாக வந்த ஒரு ரகம் சூட்டில் வெடிக்கிறது, மாட்டியிருந்தால் உடனே நிறுத்தவும். ஏற்கெனவே ஒருவர் முகம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததாகக் கம்ப்யூட்டர் காட்டியது.

இன்று காலை பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நாற்பத்தோரு பேருக்கு ஒரே முகவரி. சங்கத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெஸ்வினுடையது.

"இமெயில் இல்லைன்னு வந்து நின்னாங்கக்கா. ஃபாரம் திரும்பிடக் கூடாதேன்னு என்னோடதைப் போட்டுவிட்டேன்," என்றார் ஜெஸ்வின். "அதுல பிரிண்டுக்கு தினம் நூறு மெயில் வருது. யாரு படிக்கிறா?"

நாற்பத்தொன்றில் குணசேகரன் பெயரும் இருந்தது. பாய்லருக்குப் புதுக் கண்ணாடிக் குழாய் மாட்டியதைப் போன வாரம் அவரே சொல்லியிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப். அவர் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பெனி இருந்த சாத்தாங்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் ரமாபாய்க்குப் பாதி உயிர் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் மேல் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "சங்கமா? லெட்டர் எதுனா இருக்குதாமா?"

"மெயில் அனுப்பிகீறோம்."

"மெயில நான் எப்டி உள்ள எட்த்துகினு போறது? எழுதி சீல் குத்திக் குடு."

நல்ல வேளை, சங்க முத்திரை கைப்பையில் இருந்தது. நாலு வரி கிறுக்கிக் குத்தினார். தாள் உள்ளே போனது. உள்ளே ஏதாவது வெடிச் சத்தம் கேட்குமோ என்று இருபது நிமிஷம் பயந்து நின்றார்.

குணசேகரன் அந்தத் தாளோடு வெளியே வந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை.

"நிறுத்திட்டேன்க்கா. கண்ணாடில கீறல் வுட்டுகீது."

ரமாபாய்க்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

குணசேகரன் அவர் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டு போனார். பாதியில் ஒரு பெயரில் நிறுத்தினார்.

"வேற கம்பெனில கீற பீம்ராவும் இதே கண்ணாடிதான்க்கா மாட்டிகீறான். நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"எந்த ஷிஃப்ட்டு?"

"காலைலதான். இப்ப அந்தக் கண்ணாடிக்கு எதிர்லதான் குந்திகினு இருப்பான்."