செய்னுலாப்தீனின் மஞ்சள் கற்கள்

செய்னுலாப்தீனுக்கு முதல் கல் இறங்கியபோது வயது இருபத்திரண்டு. புத்தளம் களப்போரத்து உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர், விலாவைப் பிடித்தபடி வரம்பிலேயே சுருண்டு விழுந்தார். நாற்பது வயதுக்குள் இரண்டு சத்திரசிகிச்சை. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர். உடம்பில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். வாழைத்தண்டுச் சாறு குடித்தார். கீரையை விட்டார், தக்காளியை விட்டார். கல் மட்டும் அவரை விடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கிளினிக்குக்குப் புதிதாக வந்த பெண் டொக்டர், “விழுந்த கல்லை எப்பவாவது சோதிச்சுப் பாத்தாங்களா?” என்று கேட்டார். ஒருவரும் பார்த்ததில்லை. அடுத்த முறை வலி வந்தபோது, சிறுநீரை வடித்துப் பார்க்க மனைவி றுக்கியா பழைய தேயிலை வடியைக் கழுவிக் கொடுத்தாள். மிளகளவில், மெழுகு போல மஞ்சளாக ஒரு கல் அதில் தங்கியது. அதைக் குப்பியில் போட்டு அவளே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொழும்பிலிருந்து முடிவு வர ஆறு கிழமை.

சிஸ்டைன் கல் என்றார் டொக்டர். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது. அது இல்லாமல் தலைமுடியும் நகமும் வளராது. உடம்புக்குள் கந்தகத்தைச் சுமக்கும் புரதத் துணுக்குகளில் ஒன்றுதான் சிஸ்டைன். மற்றவர்களின் சிறுநீரகம் அதைத் திரும்ப இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும். இவருடையது பிறப்பிலிருந்தே வெளியே விட்டுவிடுகிறது. சிறுநீரில் கரையாமல் அது கல்லாகிறது. மீனை ஒரேயடியாக விட வேண்டாம், அளவாகச் சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து செய்னுலாப்தீன் அழுதார். இருபது வருடமாகத் தன் வாயையும் தொழிலையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, பிறப்போடு வந்தது என்ற சொல் பெரிய ஆறுதலாக இருந்தது.

நோன்பு மாதம் வந்தபோதுதான் சங்கடம். தீராத நோய் என்பதால் நோன்பை விடலாம், விடும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று மௌலவி சொன்னார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. முதல் நாள் தண்ணீர்ப் போத்தலைத் தொடாமலே வெயிலில் நின்றார். பதினைந்து வருடமாகக் கூட வேலை செய்பவர் தோமஸ். இரண்டு தரம் இவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். பத்து மணிக்கு இவர் பக்கத்தில் வந்தார்.

“நானா, ஆக்களுக்கு முன்னால குடிக்க உங்களுக்கு வெக்கம். கொட்டிலுக்குப் போவம், நான் வாசல்ல நிக்கிறன்.”

செய்னுலாப்தீன் பிஸ்மி சொல்லிக் குடித்தார். அந்த மாதம் முழுக்க மணிக்கொரு தரம் தோமஸ் அவரைக் கூப்பிட்டுப் போனார். வீட்டில் றுக்கியா, தனியே இருக்கும் சித்தி மரியம் என்ற ஏழைப் பெண்ணுக்குத் தினமும் நோன்பு திறக்கச் சோறும் முட்டைக் கறியும் அனுப்பினாள். பெருநாளன்று அந்தப் பெண் வந்து, “ஒருநாளும் தனியா நோன்பு திறந்த மாதிரி இல்ல தம்பி” என்றார். அதன் பிறகுதான் செய்னுலாப்தீனின் மனம் ஆறியது.

இரண்டு வருடமாக வலி வரவில்லை. போன மாத ஸ்கேனில் மணலளவு ஏதோ தெரிந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். தம்பி இனாஸையும் டொக்டர் சோதிக்கச் சொல்லியிருந்தார். அவனுக்கும் அதே குறைதான். ஆனால் கல் கட்டும் முன்னே தெரிந்துவிட்டது. தொழுது முடித்துக் கையேந்தும்போது செய்னுலாப்தீன் முதலில் நன்றி சொல்வது அதற்குத்தான்.