பரிவுக்குப் பத்து மதிப்பெண்

நோயே இல்லாமல் நோயாளியாக அமர்ந்து, எதிரில் இருப்பவர் என்னிடம் எவ்வளவு பரிவு காட்டினார் என்று பத்துக்கு மதிப்பெண் இடுவது என் தொழில். அந்தமானின் போர்ட் பிளேரில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கு நான் 'பயிற்சி நோயாளி'. கணினியைப் பார்த்தபடியே மருந்து எழுதும் மருத்துவர்களிடம் நொந்துபோன நீங்கள், இப்படியொரு தேர்வு நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படி நம்பித்தான் சேர்ந்தேன்.

முன்கூட்டிய டிஷ்யூ

மதிப்பீட்டு முறையை வகுத்தவர் எங்கள் பேராசிரியர். கண்ணைப் பார்த்துப் பேசினால் இரண்டு, தலையசைத்தால் இரண்டு, 'உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்றால் மூன்று, டிஷ்யூ நீட்டினால் மூன்று. எல்லாவற்றையும் நேரம் முடியும் மணி அடிப்பதற்குள் செய்துவிட வேண்டும். ஆறுக்குக் கீழே எடுத்தவர் வார்டுக்குள் கால் வைக்க முடியாது.

பிரவீன் குட்வில் எஸ்டேட் பகுதியைச் சேர்ந்தவன். வகுப்பில் முதல் மாணவன். அன்று நான் கடலில் கணவரைப் பறிகொடுத்த பெண். வாயைத் திறப்பதற்குள் டிஷ்யூ என் மூக்கருகே வந்துவிட்டது. "நான் இன்னும் அழத் தொடங்கவில்லையே" என்றேன். தலையைச் சீராக ஆட்டியபடியே அவன் சொன்னான்: "பரவாயில்ல மேடம், கையில வச்சுக்குங்க. மணி அடிச்சிட்டா மூணு மார்க் போயிடும்."

கப்பல் டிக்கெட்

ஜெனிஃபர் மீனவக் குடும்பத்துப் பெண். அவளுக்கு நான், புற்றுநோய் என்று அன்றுதான் தெரிந்துகொண்ட நோயாளி. சிகிச்சைக்குச் சென்னை செல்ல வேண்டும். நான் சொல்லி முடித்ததும் அவள் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள். "மெயின்லேண்டுல தங்க யாரு இருக்கா ஆன்ட்டி? கப்பல்ல டிக்கெட் கிடைக்குறது ரொம்ப முஷ்கில். பிள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க?" காலையிலிருந்து பொய்யாக அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உண்மையாகக் கண் கலங்கியது. மேசைமீது டிஷ்யூ இருந்தும், அவள் நீட்டியது தன் தண்ணீர்ப் பாட்டிலை.

தண்ணீருக்கு மதிப்பெண் கிடையாது. கண்ணைப் பார்த்ததற்கு மட்டும் இரண்டு, ஆகவே மறுதேர்வு. அதிலும் தவறினால் வார்டு இல்லை. உடன் படிப்பவர்கள் அவளை விட்டுவிட்டு முன்னே போய்விடுவார்கள். நான் வாதாடினேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிக்கெட் விசாரிக்கிறது டிராவல் ஏஜென்ட் வேலை மேடம். இதில் பரிவு எங்கே இருக்கு, காட்டுங்க."

புதிய நடிகை

மறுதேர்வு, பழைய புறநோயாளிப் பிரிவின் அறையொன்றில் நடந்தது. 'மருத்துவர்' என்ற பலகையை அங்கிருந்து கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. முன்மாதிரியாகச் செய்துகாட்ட முதலில் பிரவீன், அடுத்து ஜெனிஃபர் என்று ஏற்பாடு. நான் தேநீர் குடிக்கச் சென்ற இடைவெளியில், பாராடாங் தீவிலிருந்து நெஞ்சுவலியோடு வந்த ஓர் அம்மாள், பலகையை நம்பி உள்ளே வந்து என் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பக்கத்து அறையில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியரோ, எனக்குப் பதிலாக வந்த நடிகை என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார்.

நடந்ததைப் பிறகு பதிவில் பார்த்தேன். "நெஞ்ச அடைக்குது தம்பி. கையெல்லாம் மரத்துப்போச்சு." "உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா." தலையசைப்பு, டிஷ்யூ. "இத வச்சு நான் என்னப்பா செய்ய? மாத்திர ஏதாச்சும் குடு. காட்டு ரோட்டுல வண்டிங்கள ஒண்ணா அனுப்புற கடைசி கான்வாய் போயிட்டா ஊருக்குப் போக முடியாது." "உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா." மணி அடித்ததும் கும்பிட்டுவிட்டு வெளியேறினான். பேராசிரியர் இட்டது பத்துக்குப் பத்து.

அடுத்து வந்த ஜெனிஃபர் அவருடைய கையைத் தொட்டாள், சில்லென்று வியர்த்திருந்தது. "ஐயோ, இவங்களுக்கு நெசமாவே வலி!" என்று கத்தியபடி ஓடிச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, அவரை அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் பிழைத்தார். ஜெனிஃபருக்குக் கிடைத்தது 'தேர்வின் பாதியில் வெளியேறினார்' என்ற குறிப்பு. உண்மை தெரிந்த பிறகும் பேராசிரியர் அந்தக் குறிப்பை நீக்கவில்லை. "நல்ல காரியம்தான், மறுக்கலை. ஆனா அது எமர்ஜென்சி மெடிசின். அதுக்கு ஃபைனல் இயர்ல தனியா மார்க் இருக்கு."

சிறப்புப் பயிற்சி

நான் பிடிவாதமாக நின்றதால் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதற்கு முன் பரிவில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை. பயிற்சியாளர் பிரவீன். மோவாய் எவ்வளவு இறங்க வேண்டும் என்று அவன் ஆட்டிக் காட்ட, அவளும் ஆட்டிப் பழகியதை நான் சன்னல் வழியே பார்த்தேன்.

கடைசித் தேர்விலும் எனக்கு அதே புற்றுநோய்தான். ஜெனிஃபர் கண்ணைப் பார்த்தாள், தலையசைத்தாள், என் வேதனை புரிவதாகச் சொன்னாள், டிஷ்யூ நீட்டினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விதிப்படி பத்துக்குப் பத்து இட்டேன். மணி அடித்தது. கதவுவரை போனவள் திரும்பி வந்து, என் தோளில் கை வைத்துக் கேட்டாள்: "இப்பதான் மணி அடிச்சாச்சே ஆன்ட்டி, சொல்லுங்க. டிக்கெட் கிடைச்சுதா?"

எங்கள் கல்லூரியில் பரிவை வெகு துல்லியமாக அளக்கிறோம். அது மட்டும் மணி அடிக்கும் வரை வாசலில் காத்திருக்க வேண்டும்.