கெண்டைக் குஞ்சின் வாலில் ஓடிய ரத்தம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். மைக்ராஸ்கோப்பில் எனக்குக் கூட்டாளி ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன். தவளையை அறுக்கும் நாட்களில் கண்ணை மூடிக்கொள்வான்.

"புரோகிதம் பாக்க வேண்டியவனுக்கு விலங்கியல் எதுக்குடா?" என்பேன்.

"உனக்கு ஒரு நாள் ஊசி போடணுமே, அதுக்குத்தான்" என்பான்.

ஓடும் ரத்தத்தைப் பார்க்க மீனின் வால் போதும், அறுக்கவே வேண்டாம் என்று தெரிந்ததும் துள்ளியவன் அவன்தான். மறுநாளே காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு கெண்டைக் குஞ்சைப் பிடித்து, பாட்டிலில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டான். அவன் அம்மா தினமும் மீன்களுக்குப் பொரி போடும் படித்துறை அது.

"சாயங்காலம் உயிரோட விட்டுடறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். ஞாபகம் வெச்சுக்கோ."

மீனின் செவுள்மேல் ஈரப் பஞ்சைச் சுற்றி, வாலை விரித்து மெல்லிய கண்ணாடித் தகட்டால் மூடினோம். வெயில் உள்ளே விழும்படி மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைத்துக் குனிந்தேன்.

அடேயப்பா! வாலுக்குள் ஒரு காவிரியே ஓடியது! சிவப்பணுக்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. ஆனால் வேகம் அதிகம். ஒற்றை அணுவைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. தகட்டை விரலால் லேசாக அழுத்தினேன். ஓட்டம் தளர்ந்தது. நூல் போன்ற ஒரு ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் அணு வந்து மோதியது. கொடியில் போட்ட ஈர வேட்டிபோல இரண்டு பக்கமும் மடிந்து தொங்கியது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளாடியது. பிறகு புழுவைப்போல நீண்டு இடது குழாயில் நுழைந்து, அகலமான இடம் வந்ததும் பழையபடி முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது! புத்தகத்தில் காசு காசாக வரைந்திருந்ததெல்லாம் இப்படி வளையுமா!

"மடியுதுடா! மடிஞ்சு நிமிருதுடா!" என்று கத்தினேன்.

அவனும் பார்த்தான், சிரித்தான். உடனே, "போறும்டா, பஞ்சு காயறது. தண்ணியில விடு" என்றான்.

"இருடா, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மறுபடி அழுத்தினேன். மறுபடியும். அவன் என் தோளைப் பிடித்து இழுத்தபோது அணுக்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

பாட்டிலில் விட்டோம். மீன் மல்லாந்து மிதந்தது. தண்ணீரை மாற்றிப் பார்த்தான்.

"அம்மா கேப்பாடா" என்றான். பாட்டிலோடு பஸ் ஏறப் போனான்.

நானும் போயிருக்க வேண்டும். அந்த அம்மாவின் முன்னால் நின்று, கொன்றவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த மடிப்பு மறந்துபோவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த மத்தியானத்தை நினைத்தால் முதலில் வருவது அந்த ஆனந்தம்தான். மீன் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.